கண்ணுக்குத் தெரியாதவை கட்டும் கல்

 

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அற்பமென்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணம் எத்துணை தவறானது என்பதை ஐக்கிய அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவிலுள்ள மமத் வெந்நீரூற்றுகள் உணர்த்துகின்றன.

அங்கே மலைச்சரிவில் வெண்ணிறக் கற்கள் படிக்கட்டுகளைப் போல அடுக்கடுக்காக அமைந்துள்ளன. நிலத்தடியில் சூடேறிய நீர், தன்னுள் கலந்த காபனீரொட்சைட்டின் துணையால் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு மேலெழுகிறது. வெளியே வந்ததும் அவ்வாயு காற்றில் கலந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு கல்சியம் காபனேற்றாக மீண்டும் கல்லாகப் படிகிறது.

இது இரசாயன மாற்றம் மாத்திரந்தானா? அன்று. ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் அந்நீரில் பக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை நூலிழைகளாக நீண்டு படர்கின்றன. கற்பளிங்குகள் அவ்விழைகளைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. சூடு சற்றுத் தணிந்த இடங்களில் ஒளித்தொகுப்புச் செய்யும் நுண்ணங்கிகள் நீரிலிருந்து காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்வதால், கல் படிவது மேலும் எளிதாகிறது. ஆய்வாளர்கள் நுண்ணங்கிகளைக் குறைத்துப் பார்த்தபோது கல் படியும் வேகமும் குறைந்தது.

சிலிக்கா நிறைந்த ஊற்றுகளிலோ, இச்சிற்றுயிர்கள் தம்மீது படியும் சிலிக்காவினால் மூடப்பட்டுக் கல்லினுள்ளே சுவடுகளாக நிலைத்துவிடுகின்றன. பண்டைய உயிர்களின் வரலாற்றை ஆராய்வோருக்கு அச்சுவடுகளே ஏடுகளாகின்றன.

இளைஞர்களே! அதே பூங்காவில் ‘மோர்னிங் குளோரி’ என்னும் நீலநிற ஊற்றுக்குளம் உண்டு. பார்வையிட வந்தோர் நாணயங்களையும் குப்பைகளையும் அதனுள் எறிந்தனர். 1950இல் அதனைத் துப்புரவு செய்தபோது பெருந்தொகை நாணயங்கள் வெளிவந்தன. அடைபட்ட ஊற்றுக்கண்ணால் குளத்தின் வெப்பம் குறைந்தது. ஓரத்தில் மாத்திரம் வாழ்ந்த மஞ்சள், செம்மஞ்சள் நுண்ணங்கிகள் உள்நோக்கிப் பரவ, நீலநிறம் சுருங்கிற்று. “ஒரு நாணயத்தால் என்ன கேடு வந்துவிடும்?” என்றே எறிந்த ஒவ்வொருவரும் எண்ணியிருப்பர்.

சிந்தித்துப் பாருங்கள்! சிறியவை சேர்ந்தே அந்தக் கற்படிகளைக் கட்டின. சிறியவை சேர்ந்தே இந்த ஊற்றுக்கண்ணையும் அடைத்தன. நமது பழக்கங்களும் அவ்வாறே நாளுக்கு நாள் படிகின்றன.

பெற்றோர்களே! ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ உங்கள் பிள்ளை ஒரு பொலித்தீன் பையை வீசும்போது, “சிறியதுதானே” என்று விட்டுவிடாதீர்கள். அன்போடு அதனை எடுக்கச் செய்யுங்கள். ஒருமுறை படிந்து இறுகியதைப் பின்னர் பெயர்ப்பது கடினம்.