பாதியில் நிறுத்தலாகாத மருத்துவம்: டாக்டர் சாந்தா அம்மையார் நினைவாக

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றுவிட்டன. கலைந்து செல்வதற்கு முன், மறைந்த மருத்துவர் ஒருவரைப் பற்றிச் சிறிது நேரம் பேச அனுமதி வேண்டுகிறோம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் வி. சாந்தா அம்மையார் 2021 ஜனவரி 19 அன்று தமது 93ஆம் வயதில் காலமானார். கொரோனாக் காலமாகையால் நாம் கூடி ஓர் இரங்கல் தீர்மானம்கூட நிறைவேற்றவில்லை. இவ்வாண்டு மருத்துவ உதவி கோரி நமக்கு வந்த மனுக்களில் இரண்டு, குழந்தைகளுக்கானவை. இரண்டிலும் நோய் இரத்தப் புற்றுநோய். அம்மையாரைப் பற்றிப் பேச வேண்டிய கடமையை அம்மனுக்கள் நினைவூட்டின.

புற்றுநோய் என்னும் சொல் காஞ்சிக்குப் புதிதன்று. இவ்வூரில் பிறந்த அறிஞர் அண்ணா அவர்கள் அந்நோய்க்கு 1968இல் நியூயார்க் வரை சென்று சிகிச்சை பெற்றும், 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்ததை நம் முதியோர் இன்றும் சொல்வர். அவர் பெயர் தாங்கிய காரப்பேட்டை மருத்துவமனையை அறியாதார் நம்மில் இல்லை. எனினும் அது பெரியவர்களுக்கு வரும் நோய் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம்.

அடையாறு மருத்துவமனையை நிறுவியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தம் தங்கையை 1923இல் இந்நோய்க்குப் பறிகொடுத்த அவர், முப்பதாண்டு முயற்சிக்குப் பின் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அதனைத் திறந்தார். மறு ஆண்டு அங்கே வந்து சேர்ந்தவர் சாந்தா. சர் சி. வி. இராமன், எஸ். சந்திரசேகர் ஆகிய நோபல் அறிஞர் இருவரின் குடும்பத்தில் பிறந்தவர். அரசுத் தேர்வில் தேறி, எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பணி கிடைத்திருந்தது. அதனை விடுத்து இச்சிறு மருத்துவமனையைத் தேர்ந்தது உற்றாரைத் திகைக்க வைத்தது. புற்றுநோய் என்றால் மரணம் என்றே மருத்துவர்களும் கருதிய காலம் அது. முதல் மூன்றாண்டுகள் ஊதியமின்றிப் பணியாற்றினார். பின்னர் மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும் தரப்பட்டன. திருமணம் செய்துகொள்ளாமல், ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் அம்மருத்துவமனையே வீடாக வாழ்ந்தார். மகசேசே விருதும் பத்ம விபூஷணும் வந்தன. விருதுகளைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டுவதில்லை, பத்திரிகைகள் சொல்லிவிட்டன.

நாம் சொல்ல விரும்புவது குழந்தைகளைப் பற்றியது. நம் நாட்டில் எவரும் எண்ணிப் பாராத காலத்தில், 1960களின் தொடக்கத்திலேயே, அம்மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. ஆயினும் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு இருபது பேர்கூடப் பிழைப்பது அரிதாயிருந்தது. 1984 தொடங்கி, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் டாக்டர் இயன் மக்ராத் அவர்களோடு சேர்ந்து, சென்னை, மும்பை, டெல்லி ஆகிய மூன்று நகர்களின் மருத்துவமனைகளும் நம் நாட்டு நிலைமைக்குத் தக்க ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. இருபதுக்கும் கீழிருந்த அந்தக் கணக்கு நாற்பத்தைந்து முதல் அறுபது வரை உயர்ந்தது. அதற்குப் பின்னும் உயர்ந்தே வந்திருக்கிறது.

இச்சிகிச்சையில் பெற்றோர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. முதல் மாத ஊசிகளிலேயே பெரும்பாலான குழந்தைகளுக்குக் காய்ச்சல் நின்றுவிடும், முகம் தெளியும், பசியெடுக்கும். இரத்தப் பரிசோதனையிலும் நோய் தென்படாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில் அது உள்ளே மறைந்திருக்கும். ஆகையால்தான் இரண்டு, மூன்று ஆண்டுகள் மருந்தைத் தொடர வேண்டும் என்கின்றனர். குழந்தை நன்றாக ஓடியாடும் அந்நாட்களில்தான் சிகிச்சையை நிறுத்திவிடும் ஆபத்தும் மிகுதி. இதனை நாங்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவில், கூலிக்குத் தறி நெய்பவர் ஒருவரின் ஏழு வயது மகனுக்கு இந்நோய் கண்டது. வீட்டில் மணமுடிக்க வேண்டிய பெண் இருந்தமையால், நோயின் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று உறவினர் தடுத்தனர். அவர் எங்களிடம் வந்தபோது, மாதக் கூட்டம் கூடட்டும் என்றோம். கூடியது, தொகையும் வழங்கினோம், கணக்கில் எழுதினோம். அத்தோடு எங்கள் கடமை முடிந்ததென்று நினைத்தோம். பையன் தேறினான், மதரஸாவுக்கும் வந்தான். ஒவ்வொரு முறை சென்னை சென்று வரும்போதும் தறி நின்றது, கூலி நின்றது, வாங்கிய முன்பணம் கழியாமல் ஏறியது. ஐந்தாம் மாதம் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நோய் திரும்பியபின் எந்த மருந்தும் பயன் தரவில்லை. ஜனாஸாவுக்கு எல்லோரும் சென்றோம். அவ்வாண்டுக் கணக்கில் மருத்துவ உதவி என்னும் வரி இன்றும் அப்படியே இருக்கிறது. தொகை சரியாகத்தான் இருக்கிறது.

அந்தத் தந்தையைக் குறை சொல்வோர் நம்மிடையே உண்டு. நாங்கள் சொல்ல மாட்டோம். மருந்துக்கு வழி பிறந்தாலும் பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் குடும்பத்தை உடைத்துவிடும் என்பதை அவர் வீட்டில் கண்டோம். சாந்தா அம்மையார் பணமில்லை என்பதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்பாத ஏற்பாட்டை ஆயுள் முழுவதும் காத்தார். புற்றுநோயாளிகளுக்கு இரயில் கட்டணச் சலுகை வேண்டி அரசிடம் வாதாடிப் பெற்றவர்களிலும் அவர் ஒருவர். மருத்துவர் ஒருவர் இரயில் கட்டணத்திற்காக ஏன் அலைந்தார் என்பது எங்களுக்கு அந்தச் சிறுவன் போன பிறகுதான் விளங்கியது.

தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வெளிறிய முகம், காரணமின்றித் தோலில் நீலத் திட்டுகள், ஈறில் இரத்தம், இரவில் எலும்பு வலியென்று அழுதல், கழுத்தில் கட்டி, வயிற்றில் வீக்கம், கண்ணின் பாவையில் வெண்மை, இவற்றில் எது கண்டாலும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அது வேறு சிறு நோயாகவே இருக்கும். இது தொற்றுநோய் அன்று. பிள்ளையைத் தனியே உண்ண வைக்கவும் வேண்டாம், பெயரை மறைக்கவும் வேண்டாம்.

இவ்வாண்டு முதல், குழந்தைகளுக்கான மனு எனில் மாதக் கூட்டத்துக்குக் காத்திராமல் தலைவரும் செயலாளரும் அன்றே முடிவு செய்யலாம் எனத் தீர்மானித்துள்ளோம். காப்பீட்டு அட்டைக்கு வேண்டிய தாள்களை அலுவலகத்திலேயே எழுதித் தருவோம். ஊசிக்குச் செல்லும் நாட்களின் கூலியில் பாதியை ஜமாஅத் ஏற்கும். மேசைமேல் தனி நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். அதில் இரு பிள்ளைகளின் ஊசித் தேதிகளும் சிகிச்சை முடியும் வரை குறிக்கப்படும். தேதி தவறினால் மறுநாளே ஒருவர் வீட்டுக்குச் சென்று விசாரிப்பார்.

அடுத்த தேதி வரும் செவ்வாய்க்கிழமை. விடியற்காலை முதல் பேருந்துக்குத் தாயும் பிள்ளையும் புறப்படுகிறார்கள். தந்தை தறியில் இருப்பார். உடன் செல்ல ஒருவர் தேவை. நோட்டில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் விருப்பமுள்ளவர் அலுவலகத்தில் பெயர் தர வேண்டுகிறோம்.