ஆளைப் பார்த்தால் தெரியாது
(ரத்த தான முகாமை ஒட்டி நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)



முகாமுக்குப் பெயர் கொடுத்த சிலர், "திடகாத்திரமா இருக்கிறவனுக்கு எதுக்குங்க எச்.ஐ.வி. கேள்வியெல்லாம்?" என்று கேட்டார்கள். 2018 டிசம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். தாயில்பட்டிக்குப் பக்கத்திலேயே, சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்த இளைஞர் நல்ல மனதோடுதான் கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தொற்று தெரிந்ததும் அவரேதான் வந்து சொன்னார்.

இந்தக் கிருமி எல்லோரிடமும் ஒரே வேகத்தில் வேலை காட்டாது. மருந்தே எடுக்காவிட்டால் சிலர் இரண்டு, மூன்று ஆண்டுகளில் படுத்துவிடுவார்கள். பலருக்குப் பத்து ஆண்டு வரை ஒன்றும் தெரியாது. நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்கள் மருந்தில்லாமலே அதை அடக்கி வைத்திருப்பார்கள். இதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு.

வெள்ளையணுவுக்குள் நுழைய இந்தக் கிருமி பெரும்பாலும் சிசிஆர்5 என்ற கதவைப் பிடிக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு குறைபட்டு வந்தவர்களுக்குக் கதவே இருக்காது. 1996-இல் கண்டுபிடித்தார்கள். பெர்லினில் சிகிச்சை பெற்ற திமோத்தி ரே பிரவுன், அப்படிப்பட்ட ஒருவரின் எலும்பு மஜ்ஜை அணுக்களைப் பெற்றுத்தான் எச்.ஐ.வி.யிலிருந்து மீண்டார். ஆனால் இந்த அமைப்பு வட ஐரோப்பியர்களிலேயே நூற்றுக்கு ஒருவருக்குத்தான். நம் நாட்டில் அபூர்வத்திலும் அபூர்வம். அதை நம்பி யாரும் இருக்க முடியாது.

இன்னொன்று எச்.எல்.ஏ. பி57. கிருமியின் துண்டுகளை நோய் எதிர்ப்புப் படைக்குக் காட்டிக்கொடுக்கும் மரபணு வகை. கிருமியை அடக்கி வைத்திருப்பவர்களிடம் இது அதிகம். வேடிக்கை என்னவென்றால், இதன் ஒரு பிரிவு இருப்பவர்களுக்கு அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரை கொடுத்தால் காய்ச்சல், தடிப்பு, மூச்சுத்திணறல் வரலாம்; நிறுத்தி மறுபடி கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அந்த மருந்துக்கு முன் மரபணுப் பரிசோதனை கேட்கிறார்கள்.

நோய் மெதுவாக வளர்கிறவருக்குத் தன் உடம்பில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் அவர் ரத்தம் அடுத்தவருக்குத் தொற்றைக் கொடுக்கும்.

ஒரு வேண்டுகோள். எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்ப்பதற்காக முகாமில் ரத்தம் கொடுக்காதீர்கள். தொற்றிய புதிதில் சில நாட்கள் எந்தப் பரிசோதனையிலும் பிடிபடாது. சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள், இலவசம், ரகசியம். 1097-க்கும் பேசலாம். முகாமன்று படிவத்தைப் பார்த்துத் தயக்கம் வந்தால், "இன்னைக்கு முடியலை" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சங்கத்திலிருந்து யாரும் காரணம் கேட்க மாட்டோம்.