இசைக்கருவியும் இறுதிப் பூச்சும்

மட்டக்களப்பு வாவியிலே, நிறைமதி இரவுகளில் தோணியேறிச் செல்வோர் கல்லடிப் பாலத்தின் அண்மையில் தண்டுவலித்தலை நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்பது பழைய வழக்கம். நீரின் அடியிலிருந்து எழும் அந்த இன்னொலி வெறுங்காதுக்கு எளிதில் எட்டுவதில்லை. ஆதலால், துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியைக் காதோடு பொருத்திக் கேட்பார்கள். பாடுவது மீனா, சிப்பியா என்பது வேறு ஆராய்ச்சி. ஈண்டு கருதத்தக்கது துடுப்பின் தொழிலேயாகும். துடுப்புப் பாடுவதில்லை, நீரில் பிறந்த அதிர்வை வாங்கிக் காதிற் சேர்க்கின்றது. நரம்புக் கருவி ஒவ்வொன்றிலும் ஒலியைக் கடத்தும் உறுப்பு ஒன்று இவ்வாறே உண்டு. கருவிக்கு வண்ணம் தீட்டப் புகுவோர் முதலில் அறியவேண்டியது அவ்வுறுப்பு எது என்பதே.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் வீதியில் உள்ளது செட்டிபாளையம். கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே மணற்பாங்கான நிலம். இத்தகைய ஊரில் ஓர் இளைஞர், ஓய்வு நேரங்களில் பலாப்பலகையும் ஒட்டுப்பலகையும் கொண்டு தம் கையாலேயே ஒரு கிற்றார் செய்கின்றார் என்று கொள்வோம். கிற்றார் இப்பகுதிக்குப் புதிய கருவியன்று. மட்டக்களப்புப் பறங்கியர் சமூகத்தினர் தச்சுத் தொழிலிலும் பெயர்பெற்றவர். வயலினும் கிற்றாரும் றபானும் சேர்ந்தொலிக்கும் கப்பிரிஞ்ஞா இசையிலும் பெயர்பெற்றவர். இளைஞர் செய்வதோ கிற்றாரிலும் ஒரு தனிவகை. அதன் வயிற்றினுள்ளே அலுமினியத்தாலான கூம்பு ஒன்று அமைந்திருக்கும். இதனை ரெசனேற்றர் கிற்றார் என்பர்.

மின்சார ஒலிபெருக்கி பரவாத காலத்தில், இசைக்குழுவின் ஊதுகருவிகளுக்கிடையே கிற்றாரின் மென்குரல் அமுங்கிப்போயிற்று. உரத்த கிற்றார் ஒன்று வேண்டுமென ஜோர்ஜ் பீச்சம் என்னும் கலைஞர் விரும்பினார். சிலோவாக்கிய நாட்டிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய ஜோன் டோப்யேரா என்பவர் அவ்விருப்பத்தை நிறைவேற்றினார். 1927ஆம் ஆண்டளவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 'நாஷனல்' என்னும் பெயருடன் இக்கருவிகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டிலே டோப்யேரா சகோதரர்கள் 'டோப்ரோ' என்ற வேறொரு வகையையும் தொடங்கினர். சாதாரணக் கிற்றாரில் நரம்பின் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்குச் செல்லும், மேற்பலகையே பாடும். இக்கருவியிலோ குதிரை கூம்பின்மேல் நிற்கின்றது, கூம்பே பாடுகின்றது. ஒன்பதரை அல்லது பத்தரை அங்குல அகலமுள்ள அவ்வுலோகக் கூம்பு தாள்போல் மெல்லியது.

தமிழர்க்கு இந்த அமைப்பின் தத்துவம் புதியதன்று. முடத்தாமக்கண்ணியார் கரிகால்வளவன்மீது பாடிய பொருநராற்றுப்படையிலே யாழ் உறுப்புக்குறுப்பாக வருணிக்கப்படுகின்றது. மானின் குளம்பு பதிந்த சுவடுபோன்ற பத்தர். அதன்மேல் விளக்கின் சுடர்நிறத்ததாய் இழுத்துக் கட்டிய தோல். நண்டின் கண்போலத் துளைகளை அடைத்துநிற்கும் ஆணிகள். பத்தர் மரக்கூடு, விசித்துக் கட்டிய தோலோ அதிரும் முகம். கூடு தாங்கவும் முகம் பாடவும் அமைந்த இப்பாகுபாடு, ரெசனேற்றர் கிற்றாரிலும் உண்டு. தோல் இருந்த இடத்தை அங்கே உலோகக் கூம்பு பெற்றுள்ளது. புலவர் தோலின் நிறத்தையும் போர்வையின் பொருத்தத்தையும் தனித்தனியே எடுத்துக் கூறுவதை நோக்கினால், கருவியின் புறவழகு அக்காலத்திலும் அற்பமாகக் கருதப்படவில்லை என்பது புலனாகும்.

மறைந்துபோன அந்த யாழை மீண்டும் ஆராய்ந்து கண்டவர், செட்டிபாளையத்துக்குத் தெற்கே அதே கரையோரத்திலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவருடைய 'யாழ்நூல்' 1947ஆம் ஆண்டு ஆனித் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். பழைய யாழ் ஒன்றும் கைக்குக் கிட்டாத நிலையில், இலக்கியச் சொற்களையும் சுருதிக் கணக்கையும் துணைக்கொண்டே அவர் அதன் வடிவை உய்த்துணர வேண்டியிருந்தது. மரமும் தோலும் ஈரத்துக்கும் புழுவுக்கும் இரையாகும் பொருள்கள். கருவியைக் காப்பதற்குப் பூச்சு ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

எனவே பூச்சின் கடமைகள் இரண்டு. மரத்தை ஈரத்தினின்றும் காத்தல் ஒன்று. குரலை மறியாதிருத்தல் மற்றொன்று. ரெசனேற்றர் கிற்றாரில் மேற்பலகை தலையாய பாடுமுகம் அன்மையால், உடலுக்குச் சற்றுத் தடித்த பூச்சும் பெருங்கேடு செய்யாது. நாஷனல் நிறுவனத்தார் 1930இல் வெளியிட்ட டுவோலியன் என்னும் மலிவான கருவியின் உருக்குத் தகட்டுடலுக்கு, மோட்டார் வண்டிக்குப் பூசும் டூக்கோ வண்ணத்தையே பனிப்படிவுபோன்ற கோலத்துடன் பூசினர். எனினும் பூச்சுப் படவேகூடாத இடங்கள் சில உள. முதலாவது கூம்பு, அதன்மேல் ஏறும் வண்ணத்தின் பாரம் ஒலியை மழுக்கும். இரண்டாவது, உடலினுள்ளே கூம்பின் விளிம்பு அமரும் வளையம். அவ்வளையத்தில் ஒரு துளி வண்ணம் உறைந்து மேடானாலும் கூம்பு சமமாக அமராது; ஒவ்வொரு மீட்டலிலும் வண்டு முரல்வதுபோன்ற இரைச்சல் பிறக்கும். மாதக்கணக்கான உழைப்பு ஒரு துளியால் பழுதாவது இவ்விடத்திலேதான். மூன்றாவது, கழுத்தும் உடலும் ஒட்டும் முகங்கள். வண்ணத்தின்மேற் பசை பிடிக்காது. இவற்றையும் விரற்பலகையையும் ஒட்டுக்கடதாசியால் மூடிய பின்னரே தூரிகையைத் தொடவேண்டும்.

வண்ணத்தின் அழகு அதன் அடியிலுள்ள தளத்தைப் பொறுத்தது. பலாமரத்தின் நுண்துளைகள் பெரியவை. அவற்றை நிரப்பாது பூசினால் பூச்சு நாளடைவில் உள்வாங்கிக் குழிகுழியாகத் தோன்றும். ஆகவே, முதலில் முரட்டு மண்கடதாசியாலும், பின்னர் நுண்ணியதாலும், மரத்தின் இழையோட்டத்தின் வழியே தேய்த்தல் வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது கண்ணுக்குத் தெரியாது. வண்ணம் ஏறியபின் பளிச்செனத் தெரியும். கடலோர ஊர்களிற் காற்று உப்பைக் கொண்டுவந்து எப்பொருளின்மீதும் படியவிடும். ஆதலால் ஈரச்சீலையால் ஒருமுறை துடைத்து, நன்றாக உலரவிட்டே முதற்பூச்சைத் தொடங்கவேண்டும்.

முதற்பூச்சுக்கு அரக்குப் பொலிஷ் மிக ஏற்றது. ஒரு லீற்றர் ஸ்பிரிற்றில் ஏறத்தாழ 120 கிராம் அரக்குச் செதிளைக் கரைத்தால் மெல்லிய கரைசல் கிடைக்கும். கரைத்து நெடுநாள் வைத்த அரக்கு உலர்ந்து இறுகாது. கண்ணாடித் துண்டில் ஒரு துளியிட்டுச் சோதித்துக்கொள்ளலாம். பஞ்சை மெல்லிய சீலையிற் பொதிந்து, கரைசலில் தோய்த்து, மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை ஏற்றவேண்டும். உடலின் உட்புறத்துக்கும், வளையம் நீங்கலாக, ஒரு பூச்சு இடுதல் நன்று. வெளிப்புறம் மட்டும் மூடப்பட்ட பலகை உட்புறத்தால் ஈரத்தைக் குடித்து வளையும்.

இங்குதான் காலநிலை குறுக்கிடுகின்றது. மட்டக்களப்பில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையிலேயே பெய்கின்றது. மாரியின் ஈரக்காற்றில் அரக்குப் பூசினால், ஸ்பிரிற்று ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றின் ஈரத்தை ஈர்த்துப் பால்போல் வெளுத்துவிடும். கச்சான் காற்று வீசும் கோடையோ உலர்ந்தது. ஆனால் மணலையும் தூசியையும் வாரிவரும். ஆகவே கோடைக்காலத்தில், காற்று வலுக்குமுன் முற்பகலில், மறைப்பான இடத்தில் வேலைசெய்தல் தக்கது. வெளுத்துவிட்டதெனின் அஞ்சவேண்டியதில்லை. வேலையை நிறுத்தி, வெயில் உள்ள நாளில் ஸ்பிரிற்றில் இலேசாக நனைத்த பஞ்சால் தடவினால், பெரும்பாலும் வெண்மை நீங்கும்.

வண்ணம் வேண்டுவோர் பூச்சுகளின் வரிசையையும் அறிதல் வேண்டும். டூக்கோ போன்ற வண்ணத்தை, நன்கு உலர்ந்த மெல்லிய அரக்குப் பூச்சின்மேல் ஏற்றலாம். கதவு சன்னல்களுக்குப் பூசும் எண்ணெய் வண்ணத்தின்மேல் அதனைப் பூசினாலோ, அதன் காரமான கரைப்பான் அடிப்பூச்சை இளக்கித் தோலுரித்துச் சுருக்கிவிடும். அக்கரைப்பானின் ஆவி எளிதில் தீப்பற்றும், நுரையீரலுக்கும் தீங்கானது. அடைத்த அறையிலும், அடுப்பு, குப்பிவிளக்கு ஆகியவற்றின் அருகிலும் இவ்வேலை ஆகாது. எவ்வகைப் பூச்சாயினும், இறுதியாகப் பூசிய பின்னர்க் கருவியைச் சில வாரங்கள் தொடாது தூக்கிவைத்தல் நன்று. மேற்பரப்பு உலர்ந்ததுபோலத் தோன்றினும் உள்ளே மென்மை இருக்கும். அவசரப்பட்டு மெருகேற்றுவோரின் விரற்சுவடு என்றும் அழியாது பதிந்துவிடும்.

பலாமரத்தைக் கொண்டு செய்தோர் நிறவண்ணம் பூசுமுன் ஒருகணம் சிந்தித்தல் நலம். புதிதாக அறுத்த பலாவின் மஞ்சள்நிறம், ஒளியும் காற்றும் பட ஆண்டுதோறும் ஆழ்ந்து செம்பழுப்பாகும். வீணைக்கும் இம்மரமே விரும்பப்படுகின்றது. தெளிந்த அரக்குப் பூச்சு அந்த மாற்றத்தை மறைப்பதில்லை. பின்னாளில் கீறல் விழுந்தாலும், அதே கரைசலால் தடவிச் சீராக்கலாம். அரக்குக்கும் ஒரு குறை உண்டு. வாசிப்போரின் முன்கை வியர்வை இடைவிடாது படும் இடத்தில் அது தேயும். அவ்விடத்தை அவ்வப்போது துடைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் உலர்ந்தபின் ஒட்டுக்கடதாசிகளை நீக்கி, வளையத்தை விரலால் தடவி மேடுபள்ளம் இன்றியிருத்தலை உறுதிசெய்து, கூம்பை அமர்த்த வேண்டும். துளைமூடியின் துளைகளில் வண்ணம் அடைத்திருப்பின் அகற்றவேண்டும். ஒலி வெளிவரும் வாயில்கள் அவை. உலோக உறுப்புகளைக் கறள் அணுகாதபடி வாசித்தபின் நாள்தோறும் உலர்ந்த சீலையால் துடைத்தல் இக்கடற்காற்றில் இன்றியமையாதது. பின்னர் நரம்பேற்றி, ஒவ்வொன்றாக மீட்டிக் கேட்கவேண்டும். ஒலி தடையின்றி எழுந்து, இரைச்சல் கலவாது நெடுநேரம் நின்று மெல்ல ஓயுமாயின், பூச்சு தன் கடமையைச் செய்ததென்று கொள்ளலாம். அதன்பின் பிறர் வந்து அதன் பளபளப்பைப் புகழ்வரேல், அது செய்தவருக்குக் கிடைக்கும் மேலதிக மகிழ்ச்சியாகும்.