பத்திரத்துச் சொற்கள்

(அண்ணாமலை நகரில் சங்கத்தாரிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



நியாயஸ்தலம் என்றவுடன் நம்மவர் அஞ்சுவன வக்காலத்து, வாய்தா, ஜப்தி என்னும் சொற்களாம். வக்கீலுக்குக் கொடுக்கும் அதிகாரச் சீட்டு வக்காலத்து. விசாரணைக்குக் குறித்த நாள் வாய்தா. கோர்ட்டு உத்தரவினால் சொத்தைக் கைப்பற்றுதல் ஜப்தி. இவை அந்நியச் சொற்களாதலின் பொருளைக் கேட்டேனும் அறிந்து கொள்ளுகிறோம். தெரிந்தனவென்று கேளாது விடும் சொற்களே குடும்பங்களைக் கெடுக்கின்றன.

ஒத்தி என்பது கடன். கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக நிலத்தை அனுபவிப்பார். முதலைத் தீர்த்தால் நிலம் திரும்பும். கிரயமோ விற்பனை. அவசரத்திற்குக் கிரயம் எழுதிக் கொடுத்து, "பணம் வந்தால் திருப்பித் தருவார்" என்று வாய்ச்சொல்லை நம்புவோர் பலர். திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லாவிடில் அதனை அடமானமாகக் கொள்ளலாகாது என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம், 1929-இல் திருத்தப்பட்டபடி, கூறுகின்றது.

உயில், எழுதியவர் காலத்திற்குப் பின்னரே பலிக்கும், உயிரோடிருக்குமளவும் மாற்றலாம். முத்திரைத் தாள் வேண்டுவதில்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும். செட்டில்மெண்டோ அன்றே சொத்தைக் கைமாற்றும். மனம் மாறினால் ரத்து செய்தல் எளிதன்று. முதியோர் இதனை உயிலென்றே எண்ணிக் கையொப்பமிடுகின்றனர்! எழுதுவதாயின், தம்மைப் பராமரிக்க வேண்டுமென்னும் நிபந்தனையையும் அதிற் சேர்த்தல் வேண்டும். அது தவறினால், 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம்.

இனி, விடுதலைப் பத்திரம். கேட்பதற்கு எத்துணை இனிய பெயர்! விடுபடுவது கையொப்பமிடும் சகோதரியின் பாகமன்றோ? இந்துக் குடும்பங்களில், 1989-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுத் திருத்தம் அப்போது மணமாகாதிருந்த பெண்மக்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்மக்களோடு சமபாகம் அளித்தது. 2005-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் மணமான பெண்களுக்கும் அதனை அளித்தது. அச்சட்டம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுவதில்லையென 11-8-2020-இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். 20-12-2004-க்கு முன் ரிஜிஸ்தர் செய்தோ கோர்ட்டு டிக்கிரியாலோ முடிந்த பாகப்பிரிவினை மாறாது.

"சீர்வரிசை செய்தாயிற்று, ஒரு கையெழுத்துத்தானே, அம்மா" என்று தமையன்மார் தாளை நீட்டுகின்றனர். சீர் வேறு, பாகம் வேறு. மனமுவந்து விட்டுக்கொடுப்பாரை நாம் தடுக்க வரவில்லை. விடுவது இன்னதென்று அறிந்து விடட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

ஆதலின் பத்திரத்தை உரக்கப் படிக்கக் கேளுங்கள். விளங்காத சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். ரிஜிஸ்திரார் முன்னிலையில், "இதை எழுதிக் கொடுத்தது நீங்கள்தாமா?" என்று கேட்கப்படும். அது வெறும் சடங்கன்று. எழுதிக் கொடுத்தவர் "நான் எழுதிக் கொடுக்கவில்லை" என மறுத்தால் அவரளவில் பதிவை மறுத்தல் வேண்டுமென்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் விதிக்கின்றது. "ஆம்" என்று சொன்ன பின்னரோ, கோர்ட்டுக்கே போதல் வேண்டும்.