ஜன்னலை மாற்றும் முன்...
(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் டைம். எல்லாருக்கும் உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். நான் பார்ப்பது கட்டடங்களுக்குக் குளிர்சாதன வசதி செய்யும் வேலை, குடியிருப்பது திருவல்லிக்கேணி. இரண்டையும் கூட்டினால் வரும் விடை, ஜன்னல்!

எங்கள் பக்கத்துத் தெருக்களில் பழைய தேக்கு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மரக்கடைக்குப் போகின்றன. அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று யு.பி.வி.சி. ஜன்னல்கள் வருகின்றன. நம் செட்டில் பலருக்கும் இன்று இதே யோசனைதான். அப்பா கட்டிய வீடு. ஏசி போட வேண்டும். பழைய ஜன்னல் சரியாகச் சாத்துவதில்லை. வீடு முழுக்க மாற்றினால் செலவு லட்சத்தில் நிற்கிறது. அதைவிட முக்கியம், நாம் ஆபீஸ் போன பிறகு பகல் முழுக்க அந்த ஜன்னலோரம் உட்காரப் போகிறவர்கள் நம் அப்பா அம்மா. அதனால் அவசரப்படாமல் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடைக்காரர் முதலில் காட்டுவது இரட்டைக் கண்ணாடி. "சார், இதுல யூ-வேல்யூ பாதிதான்" என்பார். பொய் இல்லை. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் கண்ணாடி வழியாக எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்பதைச் சொல்வதுதான் யூ-வேல்யூ. வெளியே பனி, உள்ளே ஹீட்டர் என்று வாழும் ஊர்களில் அதுதான் ராஜா. வித்தியாசம் அங்கே 30 டிகிரியைத் தாண்டும். நமக்கு? வெளியே 35, ஏசி அறையில் 25. பத்தே டிகிரி.

ஐந்தடிக்கு மூன்றடி ஜன்னல், ஏறக்குறைய 1.4 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடியின் யூ-வேல்யூ சுமார் 5.8. பெருக்கினால் 80 வாட், ஒரு சீலிங் ஃபேன் அளவு. இரட்டைக் கண்ணாடி போட்டால் அது 40 வாட் ஆகும். மிச்சம் 40.

இப்போது அதே ஜன்னல் மேற்குப் பார்த்தது, சாயங்கால வெயில் நேராக அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 600 வாட் என்றே எடுத்துக்கொள்வோம். சாதாரணக் கண்ணாடி அதில் பத்தில் எட்டுப் பங்கை உள்ளே விட்டுவிடும். 670 வாட்! ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறனே 3,500 வாட்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஜன்னலுக்குப் போய்விடுகிறது. சாதாரண இரட்டைக் கண்ணாடி இதை 590 ஆகத்தான் குறைக்கும். வெளியே ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டு வெயிலில் முக்கால் பங்கைத் தடுத்தால் 500 வாட் மிச்சம். எது விலை குறைவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாடகை வீட்டிலும் இதைச் செய்யலாம்.

தட்டி வெளியே இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். உள்ளே திரைச்சீலை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையைச் சுடவைக்கும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்தான் தங்கும்.

ஆகவே கண்ணாடிக்கு முன்னால் திசையைப் பாருங்கள். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் நமக்குச் சற்று வடக்கே இருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்குப் பகல் வெயில் உயரத்திலிருந்து வருவதால் ஒரு நல்ல சன்ஷேடு போதும். மேற்கு வெயில் தாழ்வாக, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து வரும். அதற்குத்தான் தட்டி, வெளிப்புற லூவர், இல்லாவிட்டால் நாம் கழற்றி எறிகிற அதே மரப்பலகை ஜன்னல் கதவு!

அடுத்தது காற்று. மெரினாவுக்கு இத்தனை பக்கத்தில் இருக்கிறோம். கடல் காற்று மத்தியானம் கிழக்கிலிருந்து வரும். எங்கள் பேட்டையில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. காற்றுக்கு வழி முன்பக்கம், பின்பக்கம், முற்றம் மட்டுமே. பழைய ஜன்னலில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு கதவுகள். தெருவில் போகிறவர் பார்வை படாமல் கீழ்க்கதவைச் சாத்தி, மேல்கதவைத் திறந்து வைக்கலாம். இரண்டு பலகை ஸ்லைடிங் ஜன்னலோ பாதிதான் திறக்கும். அதே அளவில் ஸ்லைடிங் போட்டால் காற்று வழி பாதியாகிவிடும். கொசுவலை சேர்ந்தால் இன்னும் குறையும்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் வீடுகளுக்காக வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள ஊருக்கு, வீட்டின் உள்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கும் வழி வேண்டும் என்கிறது. 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி, வெளிப்பக்கம் திறக்கும் கதவுகளையும் சேர்த்து. புதுக் கட்டடங்களுக்கு எழுதியதுதான்; பழைய வீட்டை அளந்து பார்க்கவும் உதவும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி ராத்திரியில் ஏசியும் இல்லை, ஃபேனும் இல்லை; திறக்கிற ஜன்னல்தான் துணை.

எங்கள் ஐஸ் ஹவுஸை எல்லோருக்கும் தெரியும், இன்றைய விவேகானந்தர் இல்லம். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு அது. பிற்பாடு பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக மாற்றியபோது தாழ்வாரமும் ஜன்னல்களும் வைத்தார்கள். ஐஸுக்கு மூடிய பெட்டி வேண்டும். மனுஷனுக்குக் காற்று வேண்டும். நம் வீட்டில் ஏசி ஓடும் அறை ஐஸ் கிடங்கு. கூடம், சமையலறை, பெரியவர்கள் பகலில் இருக்கும் இடம் மனுஷனுக்கானது. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஜன்னல் ஆர்டர் கொடுக்காதீர்கள். இதுதான் நான் சொல்ல வந்தது.

ஏசி அறைக்கு: இடுக்குகளை அடையுங்கள். இடுக்கு வழியாகச் சூடு மட்டுமல்ல, ஈரமும் வரும். அந்த ஈரத்தைப் பிழிந்தெடுக்கவும் ஏசி கரண்ட் தின்னும். சட்டம் உறுதியாக இருந்தால் தச்சரை வைத்து இழைத்து, ரப்பர் பட்டை ஒட்டினாலே பெரும்பாலும் போதும். கரையான் அரித்திருந்தால் மாற்றுங்கள். முழுதாகத் திறக்கிற, நாலு பக்கமும் ரப்பர் கவ்வுகிற கீல் கதவு மாதிரியாக வாங்குங்கள்.

மற்ற அறைகளுக்கு: எது போட்டாலும் திறப்பு குறையக்கூடாது. மேலே உள்ள வெண்டிலேட்டரைச் சுவர் வைத்து அடைக்காதீர்கள்.

கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, கண்ணாடியின் எஸ்.எச்.ஜி.சி. எவ்வளவு? வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பதே அது. நிழல் கொடுக்க முடியாத மேற்கு ஜன்னலுக்கு 0.4-க்குக் கீழே கேளுங்கள். ரொம்பக் குறைந்தால் பகலிலேயே விளக்குப் போட வேண்டி வரும். இரண்டு, யு.பி.வி.சி. சட்டத்துக்குள் இரும்பு வலுவூட்டல் உண்டா? மூன்று, கீலும் திருகும் எந்த ஸ்டீல்? கடலோரத்துக்கு 316 ரகம் நல்லது. உப்புக் காற்று மற்றதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

இரட்டைக் கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் ஹார்ன் தூங்கவிடாத வீட்டுக்குச் சத்தத்தைக் குறைக்க வாங்கலாம். மின்கட்டணத்துக்காக மட்டும் என்றால் முதலில் நிழல், பிறகு இடுக்கு, கடைசியில் கண்ணாடி. மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையானால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தளத்துக்கு வெள்ளை அடியுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சந்தேகம் உள்ளவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடிக்கலாம். ஜன்னல் எந்தத் திசை என்று மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள்!