பாடப் புத்தகம் யாருக்குச் சொந்தம்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, பஞ்சப்படி, போனஸ் என்று பேசுகிற மேடையில் இன்று பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதுவும் கூலிப் பிரச்னைதான். காகிதப் புத்தகத்தின் காலம் மலையேறிவிட்டது, இனி மின்னணுப் புத்தகம்தான், பிள்ளைக்கு ஒரு டேப் வாங்கிக் கொடுங்கள் என்று சில தனியார் பள்ளிக்கூடங்கள் பெற்றோரை நெருக்குகின்றன. அந்த டேப் எத்தனை நாள் கூலிக்குச் சமம் என்று தாய்மார்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் இயந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. தறியை உடைக்கச் சொல்லவில்லை. தறி யாருக்குச் சொந்தம் என்றுதான் கேட்கிறோம். மின்னணுப் புத்தகத்தைப் பற்றியும் அதே கேள்விதான்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். அந்த நகரத்தின் பொதுப் பள்ளிகளில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். பெரும்பாலோர் ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். 2013-ல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆப்பிள் கம்பெனியின் ஐபேட், அதற்குள் பியர்சன் கம்பெனியின் பாடங்கள் என்று திட்டம் போட்டார்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 130 கோடி டாலர்! பாடத்தோடு சேர்த்து ஒரு ஐபேடுக்கு 768 டாலர் விலை பேசினார்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பள்ளிக் கட்டடம் கட்டுவதற்காக மக்கள் ஓட்டுப்போட்டு அனுமதித்த கடன் பத்திரப் பணம். நகர மக்கள் பல ஆண்டுகள் வரி கட்டி அடைக்க வேண்டிய கடன் அது. ஐபேட் எத்தனை வருஷம் உழைக்கும்? போகட்டும், பாடமாவது பிள்ளைகளுக்குச் சொந்தமா? அதுவும் இல்லை. மூன்று வருஷ உரிமம்தான். பிறகு மறுபடியும் பணம் கட்டினால்தான் பாடம் திறக்கும். அதைவிட வேடிக்கை, வாங்கியபோது அந்தப் பாடங்கள் முழுமையாக எழுதி முடிக்கப்படவே இல்லை! அரைகுறை நெய்த துணிக்கு எந்த வியாபாரியாவது முழு விலை கொடுப்பானா?

ஐபேடைக் கொடுத்துச் சில நாட்களுக்குள் சுமார் 300 மாணவர்கள் அதன் பூட்டைத் திறந்து தங்களுக்கு வேண்டியதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். (பிள்ளைகளின் சாமர்த்தியத்தை நான் குறை சொல்லமாட்டேன்.) டெண்டருக்கு முன்பே கல்வி அதிகாரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து 2014-ல் வெளியே வந்தது. ஒப்பந்தம் நின்றது, தலைமை அதிகாரி ராஜினாமா செய்தார், மத்திய போலீஸ் வந்து தஸ்தாவேஜுகளை எடுத்துப் போனது. கடைசியில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை.

இன்னொரு சங்கதி. 2009 ஜூலையில், அமேசான் கம்பெனி தான் விற்ற ஆர்வெல் நாவல்கள் இரண்டை வாங்கியவர்களின் கருவியிலிருந்து இரவோடிரவாக அழித்துவிட்டது. விற்றவர்களுக்கு வெளியிடும் உரிமை இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆர்வெல் நம் இயக்கத்துக்கு நண்பரல்ல, அது வேறு கதை. பாடத்துக்காக அதைப் படித்துக் குறிப்பெடுத்திருந்த ஒரு மாணவனின் குறிப்புகள் பயனற்றுப் போயின, அவன் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. 2019-ல் மைக்ரோசாப்ட் தன் புத்தகக் கடையை மூடியது. காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள் திறக்காமல் போயின. அங்கும் பணம் திரும்பி வந்தது, புத்தகம் வரவில்லை. கடைக்காரன் கடையைக் கட்டினால் நம் வீட்டு அலமாரியிலிருக்கும் காகிதப் புத்தகம் காணாமல் போகுமா? அக்காள் படித்தது தம்பிக்கு வரும், தம்பி படித்தது பக்கத்து வீட்டுக்குப் போகும். கரண்ட் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம்.

படிப்பு ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? 54 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2018-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். விஷயம் சொல்லும் பாடங்களைத் திரையில் படிப்பதைவிடக் காகிதத்தில் படிக்கும்போது நன்றாகப் புரிகிறது. அவசரமாகப் படிக்கும்போது வித்தியாசம் இன்னும் கூடுகிறது. கதை படிப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. பணக்கார நாடான ஸ்வீடன், பள்ளிகளில் கணினியைப் புகுத்துவதில் முன்னால் ஓடிய நாடு, 2023-ல் அச்சுப் பாடப் புத்தகம் வாங்க 68.5 கோடி குரோனரை ஒதுக்கியது.

நம் கதைக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. இடையில் பாடம் போனுக்கு வந்தது. வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பன் வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். மூன்று பிள்ளைகள் எப்படிப் படிக்கும்? அந்த நாட்களில் நம் குடிசைகளில் கைவிடாமல் இருந்தது சர்க்கார் இலவசமாகக் கொடுத்த பாடப் புத்தகம்தான்.

மின்னணுப் புத்தகத்தால் நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கண் தெரியாத பிள்ளைக்கு அது வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறது. 2018 முதல் வந்த நம் சர்க்கார் பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சாகியிருக்கிறது. போன் இருந்தால் படமும் விளக்கமும் பார்க்கலாம், இல்லாவிட்டால் பாடம் நின்றுவிடாது. அந்த வரிசைதான் சரி. அதைத் தலைகீழாக்க யார் வந்தாலும் நாம் விடக்கூடாது.

ஆகவே, தனியார் பள்ளியானாலும் டேப் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது நிற்க வேண்டும். எந்தப் பாடத்தையாவது திரைக்கு மாற்றினால் கருவி, இணையம், ரிப்பேர் மூன்றும் சர்க்கார் செலவாக இருக்க வேண்டும். பள்ளி திறக்கும் முதல் நாளே எல்லாப் புத்தகமும் கைக்கு வர வேண்டும்.

வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகை வீட்டுக்காரனும் வாடகையில் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். உங்கள் ஊர்க் கிளை நூலகம் ஷிப்டு முடிந்து வரும் நேரத்தில் திறந்திருக்கிறதா? பிள்ளைகள் உட்கார பெஞ்சு உண்டா? எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் வரவில்லை? சங்கக் கிளைகளும் மாதர் தோழர்களும் வரும் ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுங்கள். திங்கட்கிழமை காலை அதோடு கல்வி அதிகாரியைப் பார்க்கப் போவோம்.