சால்வை வேணாம்ண்ணே

(எங்கள் பகுதி இளைஞர் மன்றத்தின் அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் பேசியது. பாராட்டப்பட்ட தங்கை கேட்டுக்கொண்டதால் அவர் பெயரை அச்சில் தவிர்த்திருக்கிறோம்.)



இந்த வருசம் சிறந்த தொண்டர்னு ஒருத்தரைப் பாராட்டணும், நீங்க பேசுங்கன்னாங்க. எனக்கு இந்தத் தொண்டர் என்கிற வார்த்தையே தொண்டையில் சிக்குகிறது. கூலியில்லாமல் உழைப்பது நமக்குப் புதிதா? சாவுச் சேதி சொல்லப் போனது, செத்த மாட்டை இழுத்துப் போட்டது, ஊர் எழவுக்கெல்லாம் பறையடித்தது – எல்லாமே ஊர்த்தொண்டு என்றுதான் நம் தலையில் கட்டினார்கள். சிதம்பரம் வட்டாரத்தில் எல். இளையபெருமாள் இந்த இழிவு வேலைகளை விடச் சொல்லிப் போராடினார். மாட்டேன்னு சொல்ல முடியாத வேலைக்குப் பேர் வெட்டி. இந்தத் தங்கச்சி செய்யறது அவளா விரும்பி எடுத்துக்கிட்டது.

நான் அவளை வகுப்பில் பார்த்ததைவிட வங்கியில் பார்த்ததுதான் அதிகம். அங்கே நான் குமாஸ்தா. ஜூன், ஜூலையில் ஏழெட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பா. பத்தாவதுக்கு மேல் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கான உதவித்தொகை 1944-ல் தொடங்கியது. பாபாசாகேப் அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தார். எண்பது வருசம் தாண்டியும் அந்தப் பணம் ஒரு எழுத்தில் நின்றுபோகிறது. சாதிச் சான்றிதழில் ஒரு பேர், ஆதாரில் வேறு மாதிரி, பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி. ஒவ்வொண்ணா ஒக்காந்து திருத்த வைக்கிறவ இவதான்.

ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரர், "உங்க ஆளுங்க வந்துட்டாங்க சார்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் குனிந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். அவள்தான் சொன்னாள்: "சார், இது இவங்க பணம். பாரத்தைக் குடுங்க." கவிதையில் கலகம் பண்ணுகிறவன் நான். அன்னிக்கு வாயே வரல. இங்கே பாருங்க, மைக்கு என் கையில. அவ பாய் விரிச்சிக்கிட்டிருக்கா. மேடையில போட்ட ஏழு நாற்காலியில ஒண்ணாவது பொம்பளைக்குப் போட்டோமா?

1927 மார்ச் 20-ல் மகத் நகரின் சவுதார் குளத்தில் பாபாசாகேப் நீர் அள்ளிக் குடித்தது நமக்குத் தெரியும். மாநாட்டுக்கு வந்த ஜனங்கள் அதுவரை எதைக் குடித்தார்கள்? சாதி இந்துக்களிடம் 40 ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கினார்கள் என்று தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. முன்நின்று மாநாட்டைக் கூட்டியவர்களில் ஒருவர் ஆர்.பி. மோரே, மகர் இளைஞர். அவர் பெயரைக்கூட நம் மேடைகளில் நான் கேட்டதில்லை. அப்புறம் தண்ணியைச் சுமந்து ஊத்துனவங்களை யார் சொல்லப்போறா? விலைக்கு வாங்கின அந்தத் தண்ணி இல்லாமல் ஆயிரக்கணக்கான பேர் குளத்தங்கரை வரைக்கும் நடந்திருக்க முடியாது.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன வாரம் தங்கச்சி வந்து சொன்னா: "சால்வை வேணாம்ண்ணே. நான் குரூப் 4 பரிட்சைக்குப் படிக்கணும். மூணு மாசம் வகுப்புக்கு வரமாட்டேன். என் எடத்துக்கு ரெண்டு பேரு குடுங்க."

மன்றத்துல சிலருக்கு முகம் சுருங்கிடுச்சு. பாராட்டுற நேரத்துல விட்டுட்டுப் போறாளேன்னு பேசிக்கிட்டாங்க. அஞ்சு வருசமா சாயங்காலம் ஆறு மணிக்குச் சமுதாயக் கூடத்தைத் திறந்தவ அவ. நின்னுக்கறேன்னு சொல்ல அவளுக்கு உரிமை இல்லேன்னா, ஊர்க்காரன் வாங்கின வெட்டிக்கும் நாம வாங்கறதுக்கும் என்ன வித்தியாசம்? அவங்க அம்மா கூலி வேலைக்குப் போய்த்தான் இந்த அஞ்சு வருசமும் அவ சோறு தின்னிருக்கா. அதையும் யோசிங்க.

சால்வைக்கு ஒதுக்கின காசுல அவ கேட்ட புத்தகங்களை வாங்கிட்டோம். இதோ இருக்கு, அவங்க அம்மா கையால குடுக்கப்போறோம். வாசல் மேசையில ஒரு நோட்டு வெச்சிருக்கு. அதுல ஒரு பேர் எழுதியிருக்கு, அது என்னுது. செவ்வாய், வியாழன் வங்கி முடிஞ்சு நேரா வந்துடறேன். மத்த நாளுக்கு இன்னொரு பேர் வேணும். கூட்டம் கலையறதுக்குள்ள எழுதிட்டுப் போங்க.